குடியிருப்பவர் அல்லாத தெருத் தலைவருக்கு இருப்பிடச் சான்று கோருவது

அனுப்புநர்:
யூலியுஸ் பசாண்டே,
(சொந்த ஊர்: மக்காலே, தோராஜா)
திருமதி வாகியெம் வாடகை விடுதி, மாடி அறை,
மெலாத்தி சந்து, செமாராங்.

பெறுநர்:
வட்ட அலுவலர் அவர்கள்,
கெபோன்மாவார் வட்ட அலுவலகம், செமாராங்.

பொருள்: என்னைத் தெருத் தலைவர் பதவியிலிருந்து நீக்கவும், நான் இத்தெருவில் வசிக்கிறேன் என்று ஏற்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வேலைக்காக இவ்வூருக்கு வந்தவன் நான். துறைமுகத்தை ஒட்டிய மீன் குளிர்கிடங்கில் கணக்கு உதவியாளர். தற்காலிகம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் இருப்பிடச் சான்று கொடுத்தால் நிரந்தரம். இல்லையேல் கப்பலேறி ஊர் திரும்ப வேண்டும். சான்றுக்குத் தெருத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் தேவை. இதுவரை குறையொன்றும் இல்லை.

2. வந்த மறுநாளே அப்போதைய தெருத் தலைவர் திரு. சுரோசோவிடம் என் வரவைத் தெரிவித்தேன். அவர் கெளுத்தி பொரித்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம தெருக் கூட்டம் இருக்கு தம்பி. வந்து எல்லாருக்கும் மொகத்தக் காட்டு. அப்பறம் கையெழுத்துப் போடுறேன்" என்றார். ஞாயிறு எனக்கு வேலை. வர இயலாததற்கு வருந்தி, மரியாதைக்காக எங்கள் ஊர்க் காப்பித்தூள் ஒரு பொட்டலம் கூட்டத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.

3. யாரும் விரும்பாத பொறுப்பு, கூட்டத்துக்கு வராதவர் தலையில் விழும். இது இச்சந்தின் வழக்கம். எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வராதவரைப் பற்றிப் புறம்பேசுவார்கள். அத்தோடு விட்டுவிடுவார்கள்.

4. அந்த ஞாயிறு வேலை முடிந்து திரும்பினால் என் அறையில் எனக்கு இடமில்லை. தெருவின் பிளாஸ்டிக் நாற்காலிகள், பந்தல் துணி, ஒலிபெருக்கி, மேலே முத்திரை. விடுதிக்கார வாகியெம் அக்கா வாசலில் நின்றார். "வாழ்த்துகள் தலைவரே! காப்பி குடுத்து ஓட்டு வாங்கிட்டீங்களே, கில்லாடிதான்!" மறுத்தேன். "வேணாம்னு சொல்றதும் ஒரு பணிவுதான். சுரோசோ அண்ணனும் அப்படித்தான் சொன்னாரு. பத்து வருசத்துக்கு மேல இருந்தாரு."

நாற்காலிகளின் மேல் படுக்கிறேன். உயரம் பழகிவிட்டது.

5. தங்கள் அலுவலக எழுத்தர் திருமதி நிங்சியைப் பார்த்தேன். நடந்த பேச்சை உள்ளபடி தருகிறேன்.

"தெருத் தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"நான்தான்க்கா தெருத் தலைவர்."

"அப்பப் போடுங்க." போட்டேன். பார்த்தார். "உங்களுக்கு நீங்களே சான்று குடுப்பீங்களா? நல்லாருக்கே கதை. மொதல்ல நீங்க இந்த வட்டத்துப் பதிவுலயே இல்ல. இல்லாத ஆளு எப்படித் தலைவராவீங்க?"

"அதத்தான்க்கா நானும் சொல்றேன்."

"அப்ப ராஜினாமா பண்ணுங்க." சற்று யோசித்தார். "ஆனா இல்லாத ஆளுகிட்ட ராஜினாமா வாங்க முடியாதே."

அன்று துறைமுகச் சுவரோரம் நின்றேன். ஒரு நகரம் ஒருவனைத் தலைவனாக ஏற்கிறது. ஆளாக ஏற்க மறுக்கிறது. இதற்குமேல் யோசிக்கவில்லை. பசித்தது.

6. பதவியைக் கைமாற்றவே ஒரு கூட்டம் கூட்டினேன். வராதவர் யாரோ அவரே அடுத்த தலைவர் என்பது என் கணக்கு. ஐயா, எல்லோரும் வந்தார்கள். காய்ச்சலில் கிடந்த திரு. ஙாத்னோவை அவர் மனைவி கட்டிலோடு தூக்கிவரச் செய்தார். "மனுசன் வந்துட்டாரு, நல்லாப் பாத்துக்குங்க!" என்று என்னிடம் விரல் நீட்டிச் சொன்னார். நாற்காலிகள் போதவில்லை. நான் நின்றேன். திரு. சுரோசோ எழுந்தார். "என் காலத்துல பாதி சந்துகூட வந்ததில்ல தம்பி. ஒரே கூப்பாட்டுல இத்தன பேரா? ஒன்ன எப்படிய்யா விடுறது?" கைதட்டினார்கள். எனக்குச் சிறிது மகிழ்ச்சியாக இருந்ததையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

7. சென்ற வாரம் புளோரஸ் தீவிலிருந்து செவிலி ஒருவர் குடிவந்தார். நான் கையெழுத்திட்டேன். தங்கள் அலுவலகம் சான்று வழங்கியது. வேலையில் சேர்ந்துவிட்டார். என் கையெழுத்து செல்லும் என்பது இதனால் விளங்கும். எனக்கு மட்டும் செல்லாது.

8. சான்று கிடைத்தால் இப்பதவி சட்டப்படி என்னுடையதாகிவிடும், பிறகு தப்ப வழியில்லை என்று திருமதி நிங்சி எச்சரித்தார். இரண்டு நாள் யோசித்தேன். ஆகட்டும். பொருளில் கண்ட முதல் கோரிக்கையைக் கைவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் தாங்களே நேரடியாகச் சான்றளித்து, நான் இருக்கும் இடத்தில் என்னை இருக்கவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: செமாராங்
நாள்: 16.10.2019, புதன்

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
யூலியுஸ் பசாண்டே

தெருத் தலைவரின் பரிந்துரை (இது இல்லாத மனுவை வாங்க மாட்டார்களாம்):

மனுதாரரை எனக்கு ஓரளவு தெரியும். அதிகம் யோசிப்பவர். மற்றபடி தொல்லையில்லை. இத்தெருவில்தான் வசிக்கிறார். நானே பார்த்திருக்கிறேன்.

யூ. பசாண்டே,
தெருத் தலைவர், மெலாத்தி சந்து.
(முத்திரை)