கூடத்தில் அடுக்கிய மூட்டைகள்

செஞ்சி
ஞாயிறு

அன்பு மகள் பூங்குழலிக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்த முறை உண்மையாகவே நலம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

நாங்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று போனில் கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். புது வீட்டுக்கு வந்த மறுவாரம் உன் அம்மா தன் தம்பி நெடுமாறனிடம் போனில், தொந்தரவு போனாத்தான் எனக்கு நிம்மதி என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். என்னைத்தான் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன் எங்கள் கல்யாணத்தில் அவன் என்னை மதிக்காததையே மறக்காதவன், இதை மறப்பேனா? இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. வீட்டில் யார் பேசினாலும் முணுமுணுப்பாகவே கேட்டது. பயந்துபோய் விழுப்புரத்தில் காதைக் காட்டினேன், குறையில்லை என்றார்கள். அப்படியானால் வேண்டுமென்றே குசுகுசுக்கிறார்கள் என்று இன்னும் கசந்தேன்.

வியாழக்கிழமை மழைக்குப் பயந்து நெடுமாறன் தொண்டூரிலிருந்து வேர்க்கடலை மூட்டைகளைக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமலே, நம் கூடத்துச் சுவரோரம் தலை உயரத்துக்கு அடுக்கிவிட்டான். நான் சண்டைக்கு வந்து நின்றேன். உன் அம்மா சமையலறையிலிருந்து, டேய், மாமா மொறைக்கிறாருடா, மல்லாட்டை மூட்டைய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அவருக்குக் காபி குடு என்றாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது! கையைத் தட்டிப் பார்த்தேன், சத்தம் திரும்பி வரவில்லை. கண்ணாடி போன்ற டைல்ஸ், பட்டி பூசி வழவழப்பாக்கிய சுவர், காலிக் கூடம். சொன்ன சொல் எதிரொலித்து அடுத்த சொல்லோடு கலந்துவிட்டிருக்கிறது. இப்போது மூட்டைச் சாக்கு அந்த எதிரொலியைக் குடித்துவிட்டது. பளபளப்புக்காக அடம்பிடித்து டைல்ஸ் போட்டவன் நான்தான்.

அன்றைக்கு என்ன சொன்னாய் என்று அவளையே கேட்டேன். தொண்டூரு போனாத்தான் நிம்மதின்னேன், இந்த டைல்ஸ்ல நடந்து காலெல்லாம் சில்லுனு இழுக்குது, எங்கம்மா வூட்டு மண்தரையில நாலு நாள் இருந்துட்டு வரலாம்னுதான், நீங்க இன்னா நெனச்சீங்க என்றாள். சொன்னேன். மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தாள். ரெண்டு மாசமா நீங்க மௌன விரதம்னு நெனச்சிட்டு இருந்தேன், சோறு மட்டும் கொறையலையேன்னும் பாத்தேன் என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பியது. கூடச் சேர்ந்து நெடுமாறனும் சிரித்தான், அதை மன்னிக்கிற எண்ணமில்லை.

நீங்கள் வீடு வாங்கும்போது காலி அறையில் நின்றுகொண்டு, மாப்பிள்ளையை அடுத்த அறையிலிருந்து பேசச் சொல்லிக் கேள். சுவர் பளபளப்பை அப்புறம் பார்க்கலாம். இருவரும் மனம் ஒத்து நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

மறக்காதே: வருகிற செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாயிலிருந்து வெள்ளிவரை நாங்கள் இருவரும் தொண்டூரில் இருப்போம். அம்மா நம்பருக்கே போன் செய். நெடுமாறன் வழியாக எனக்கு எதுவும் சொல்லி அனுப்பாதே. அவனோடு நான் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

உன் நைனா,
அரிகிருஷ்ணன்