ருசி தெரியாமலே சாப்பிட்ட மதினிக்கு

மதினி,

இன்று காலை பூம்பாறை பஸ்ஸில் ஒரு பெண் மல்லித்தழைக் கட்டோடு ஏறி என் பக்கத்தில் நின்றாள். நசுங்கிய தழையின் மணம் முகத்தில் அடித்ததும் உங்களைத் தேடித் திரும்பினேன். நீங்கள் போய்ச் சேர்ந்தது அப்புறம்தான் உறைத்தது.

கொரோனா நம் இருவரையும் ஒன்றாகத்தான் படுக்கப் போட்டது. காய்ச்சல் விட்ட பிறகும் எனக்கு எழுந்து நடக்கத் தெம்பில்லை; தலை வாரினால் சீப்பு நிறைய முடி. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு சத்து மாத்திரை சொன்னாள். மருந்துக்கடைக்காரர் இன்னொன்று கொடுத்தார். இரண்டையும் விழுங்கி, டீயைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். உங்களுக்கோ மணமும் ருசியும் அடியோடு போயிருந்தன.

அந்த நிலையிலும் என்னைச் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் இழுத்துப் போனீர்கள். அவர் இரண்டு மாத்திரை அட்டைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே மருந்துதாங்க. டாக்டரக் கேக்காம சேத்துப் போடாதீங்க. மாத்திரை சோத்துக்குப் பதிலாகாது. முட்டை, பயறு, கீரை, காய் தெனமும் வயித்துக்குப் போகணும்."

நம் தோட்டத்துக் கேரட்டில் நல்லதெல்லாம் சந்தைக்குப் போகும், ஒடிந்ததுதான் வீட்டுக்கு. அன்று நீங்கள் நல்லதில் கை வைத்தீர்கள். அண்ணன் பார்த்துவிட்டு, மீதியை மூட்டை கட்டினார். கேரட்டும் பாசிப்பயறும் சோறுமாக என் முன்னால் உட்கார்ந்து, உங்கள் தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டீர்கள்.

"ஒண்ணுமே தெரியாம எப்பிடி மதினி முழுங்குறீங்க?"

"மண்ணத் திங்கிற மாதிரித்தான் இருக்கு. ஒடம்புக்கு வேணும்னு தெரிஞ்சுபோச்சுல்ல ஆத்தா. தெரிஞ்சும் பட்டினி கெடக்கவா? நீயும் ஒரு வாய் வையி."

வைத்தேன். மாதக்கணக்கில் தினமும் வந்து உட்கார்ந்தீர்கள். நான் தேறி, மண்வெட்டி பிடித்தேன். உங்களுக்கு மட்டும் எதுவும் திரும்பவில்லை. ஆனாலும் ஒரு வேளைச் சோற்றைக்கூட நீங்கள் ஒதுக்கவில்லை.

பிறகொரு நாள், மல்லி பிடுங்கும்போது நீங்கள் சட்டென்று நின்றீர்கள். கையை மூக்கருகே கொண்டுபோனீர்கள்.

"ஏத்தா, வாசம் வருது," என்றீர்கள், மெதுவாக. வரப்பில் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாக மென்றீர்கள். கண் வழிந்துகொண்டிருந்தது. அத்தனை மாதமும் எந்த ருசியுமில்லாமல், வரும் என்ற உறுதியுமில்லாமல் எப்படி உண்டீர்கள்? இன்றும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

போன மழையில் நெஞ்சுவலி வந்து, கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டீர்கள்.

நேற்று உங்கள் மருமகள், முதலில் எல்லாரும் சாப்பிடட்டும் என்று அடுப்படியில் நின்றாள். பிள்ளை பெற்று இன்னும் தேறாத உடம்பு. கையைப் பிடித்து உட்காரவைத்து, முதல் முட்டையை அவள் தட்டில் வைத்தேன்.

"அவருக்குங்க?" என்றாள்.

"அவனே போட்டுத் திம்பான். நீ சாப்பிடு."

உங்கள் மகன் சிரித்துக்கொண்டே தன் தட்டை எடுக்கப் போனான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.