சோளகத்தில் எண்ணிய வீடுகள்

இன்று காலை பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ்ஸுக்காக நின்றேன். உப்பு லொறிகளுக்குப் பின்னால், கறுப்புக் கேபிள் சுற்றிய பெரிய மரச் சக்கரத்தை ஏற்றிய லொறியொன்று வந்து தேநீர்க் கடையருகே நின்றது. புது ரப்பர் மணம். எங்கே போகிறதென்று சாரதியிடம் கேட்டேன். உங்கள் ஊரின் பெயரைச் சொன்னார். அக்கா, இந்தச் செய்தியை முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஊரின் உப தபாலகம் உங்கள் பொறுப்பில் இருந்தது. நான் உங்களை அறிந்தது என் பிழையொன்றினால். கிராமங்களுக்கு அதிவேக இணையம் கொடுக்கும் அரசாங்கத் திட்டத்தில் சேரும் ஊர்களின் பட்டியல் வந்திருந்தது. நிரந்தரமாகக் குடியிருப்போர் போதாதென்று விடப்பட்ட ஊர்களில் உங்களுடையதும் ஒன்று. போய்ப் பார்க்காமல் அதை அப்படியே என் பத்திரிகைக்குச் செய்தியாக எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஊர்ல ஆக்களே இல்லையெண்டு எழுதியிருக்கிறீங்க. அப்ப நான் இவ்வளவு காலமும் கடிதம் குடுத்தது யாருக்கு? மீனுக்கா?"

மறுநாளே வந்தேன். கணக்கெடுத்தவர்கள் ஜூன் மாதம் வந்திருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றில் இந்தக் கரையில் வள்ளம் இறக்க முடியாது. ஊரில் பாதிக்கு மேல் குடும்பத்தோடு வடகிழக்குக் கரைக்குப் போய், கரையில் வாடி என்னும் ஓலைக் குடிசை அடித்துத் தங்கி மீன்பிடிப்பார்கள். இந்தக் கடல் அடங்கியதும் திரும்புவார்கள். பூட்டிக் கிடந்த அத்தனை வீடும் ஆளில்லாத வீடென்று பதிவாகிவிட்டது. "சனமெல்லாம் கோயில்ல இருக்கிற பூசை நேரத்தில வந்து கதவைத் தட்டிப்போட்டு, ஆளில்லையெண்டு போன மாதிரி" என்றீர்கள்.

சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருந்தாள். விண்ணப்பம் இணையத்தில் மட்டும். மூன்று நாள் சிக்னல் கிடைக்காத கைப்பேசியோடு மல்லாடிவிட்டு, பஸ் ஏறிப் பாலாவியில் ஒரு கடைக்குப் போனபோது முடிவுத் திகதி கடந்திருந்தது. "அவளுக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் வயசு இடம் குடுக்கும். அதுக்குள்ள வரவேணும்" என்றீர்கள்.

பிறகு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு பிரதேச செயலகத்துக்கு வந்தீர்கள். வாடிக்குப் போகிறவர்கள், கடிதங்களை எங்கே திருப்பி அனுப்ப வேண்டுமென்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்; அதைத் திகதியோடு எழுதிவைக்கும் கொப்பி அது. அதிகாரி கையை நீட்டினார். நீங்கள் கொடுக்கவில்லை. என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி நீளமாக மடித்து, பெயர்களின் மேல் வைத்து மறைத்தீர்கள்.

"பேர் வேணாம் ஐயா. தபாலகத்தில இருக்கிறவ ஊர்க் கதை சொல்லக் கூடாது. திகதியை மட்டும் பாருங்க."

"போனதுக்குத்தானே இது ஆதாரம்?" என்றார் அவர்.

"ஒரேயடியாப் போனவன் திரும்பி வந்து, இதை வெட்டுங்க எண்டு சொல்ல மாட்டான். வெட்டின திகதியும் பக்கத்திலேயே இருக்கு."

அவர் நெடுநேரம் பக்கங்களைப் பார்த்தார். பெப்ரவரியில் மறுபடி எண்ணுவதாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "இணையம் வந்தா கடிதம் குறையுமே அக்கா?"

"ஓம், இப்ப மட்டும் காதல் கடிதமா வருது? வாறதெல்லாம் பாங்க் கடிதம். அதுகள் குறைஞ்சா சனம் நல்லா நித்திரை கொள்ளும்."

பெப்ரவரியில் எண்ணினார்கள். ஊர் பட்டியலில் ஏறியது. மீனவர் சங்கத்துக்கு வந்த அறிவிப்புக் கடிதத்தில் முத்திரை குத்தி, நீங்களே நடந்துபோய்க் கொடுத்தீர்களாம். கம்பம் நடத் தொடங்குமுன் நெஞ்சு வலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விண்ணப்பிக்க இது கடைசி வருடம். விண்ணப்பம் திறக்க இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. இரண்டு கிழமையில் கேபிள் இழுத்து முடிப்போம் என்றார் சாரதி. அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சான்றிதழெல்லாம் எடுத்து வைக்கிறன்" என்றாள். பின்னால் அவளுடைய அம்மா யாரையோ கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. போன கிழமை விடுபட்ட ஊர்களின் புதிய பட்டியலொன்று கையில் கிடைத்தது. அதைத் தந்த இளம் உத்தியோகத்தரிடம், எந்த மாதம் போய் எண்ணினீர்கள் என்று கேட்டேன். தாள்களைப் புரட்டினார். "ஜூலை" என்றார். சற்று யோசித்துவிட்டு, "கடலோர ஊர்களுக்கு ஒக்டோபருக்குப் பிறகு திரும்பப் போகவேணும்போல" என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தார்.

அந்தப் பட்டியல் பற்றிய செய்தியை நான் இன்னும் அனுப்பவில்லை. கணக்கெடுக்கப் போகிறவர்களோடு நானும் போய், எண்ணிவிட்டு எழுதுவேன்.