ஓரம் வெட்டிய படம்

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உனக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, கால் வீக்கம் குறைந்ததா? மாப்பிள்ளையைச் சமையலறையில் தள்ளிவிட்டு நீ உட்கார்ந்திரு. பாத்திரம் உடைந்தால் உடையட்டும்.

பிரசவத்துக்கு முந்தைய ஸ்கேனை நான்தான் எடுக்க வேண்டும், வேறு யாரையும் வயிற்றைத் தொட விடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே வந்து டெஸ்ட் டியூப் சிகிச்சை செய்துகொண்டாய். இரண்டு கரு வைத்தார்கள். அவற்றுக்கு அக்கா, தங்கச்சி என்று நீயே பேர் வைத்தாய். ஆறாவது வாரம் என் ஸ்கேன் மேஜையில் படுத்தாய். கர்ப்பப்பைக்குள் ஒன்று தெரிந்தது, துடிப்பும் இருந்தது. எது தங்குச்சு, அக்காவா தங்கச்சியான்னு கேட்டாய். அக்காதான், நான் எப்பவும் முந்திக்குவேன்ல என்றேன். இன்னொன்று கரைந்திருக்கும் என்றும் சொன்னேன். சிரித்தோம்.

பிரிட்ஜில் ஒட்டப் படம் கேட்டாய். குழந்தை பெரிதாகத் தெரியட்டும் என்று ஓரத்தை வெட்டிக் கொடுத்தேன். கருக்குழாய்கள் பக்கம் நான் போகவே இல்லை. உள்ளே ஒன்றைப் பார்த்த சந்தோஷத்தில் தேடுவதை நிறுத்திவிட்டேன். உள்ளே ஒன்று, குழாயில் ஒன்று என்பது தானாகத் தரித்தவர்களில் பல ஆயிரத்தில் ஒருத்திக்கு. கரு வைத்துக்கொண்டவர்களுக்கு அது அவ்வளவு அபூர்வமில்லை. எனக்கு அது பாடத்திலேயே இருந்தது.

ஊருக்குப் போய்ப் பத்தாம் நாள், இடது பக்கம் வலிக்கிறது என்று போன் செய்தாய். கர்ப்பப்பை விரிகிற வலி, படுத்துக்கோ என்றேன். மறுநாள் குளியலறையில் விழுந்தாய். குழாய் வெடித்து வயிறு முழுக்க ரத்தம். ஆபரேஷன் செய்து குழாயை எடுத்தார்கள், நீயும் உள்ளே இருந்தவளும் பிழைத்தீர்கள். இது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது என்று அங்கே டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னார். நான் ம் கொட்டினேன்.

தெரிந்திருக்கும். போன வாரம் மெஷினில் வெட்டாத படத்தைத் தேடி எடுத்தேன். வெட்டிய ஓரத்தில், உன் இடது குழாய்ப் பக்கம், சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வளையம்.

இப்போது யார் வந்து படுத்தாலும், குழந்தையைப் பார்த்த பிறகும் பக்கங்களைத் துழாவிக்கொண்டே இருக்கிறேன். நேற்று ஒருத்தி பயந்துபோய், என்னக்கா தேடுறீங்க என்று கேட்டாள். அந்த வளையம் எல்லார் வயிற்றிலும் இருக்கிற மாதிரி இருக்கிறது. பயமாக இருக்கிறதடி.

அந்த முழுப் படத்தைத் தனிக் கவரில் போட்டு ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். பார்ப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். பார்த்த பிறகும் உன் வயிற்றில் என் கை படலாம் என்று தோன்றினால், வா என்று ஒரே ஒரு சொல் எழுது. அடுத்த வண்டியில் வந்துவிடுவேன். இல்லையென்றால் நல்லவராகப் பார்த்துக் காட்டிக்கொள், அவசரப்படாமல் பார்க்கச் சொல்.

நீயும் உள்ளே இருப்பவளும் நூறு வயது இருக்க வேண்டும். அன்று நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பு. அக்கா மட்டும் இல்லையடி, தங்கச்சியும் தங்கியிருந்தாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா