பலகையில் எழுதிய வீடு

அன்புள்ள தனபாக்கியம்,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். அறுபது தாண்டி எழுதப் பழகிய கை. நான் சுகம். உன் முட்டிவலி எப்படி?

இந்த ரீகா நகரத்து உணவகத்தில் சமையல் முடிந்ததும், இவர்கள் பேசும் லாட்விய மொழி வகுப்புக்குப் போகிறேன். ‘மாய’ என்றால் வீடு. அந்த்ரிஸ் என்பவரின் வீடு ‘அந்த்ர மாய’. எனக்கு வீடு இருக்கிறது என்பதற்கு ‘மன் இர் மாய’. நம் பேச்சைப் போலவே ‘எனக்கு இருக்கிறது’ என்றுதான் சொல்கிறார்கள். அதைப் பலகையில் நானே எழுதினேன். டீச்சர் கைதட்டினார்.

கூட வேலை செய்து, வகுப்புக்கும் வரும் நம் பாகான் டத்தோ ஊர்க்காரன் சுகுமாரன் சிரித்தான். “அண்ணே, அது தோட்டத்து வீடு லா. கம்பெனிக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டான், இன்னும் இருக்குன்னு எழுதுறீங்களே!”

நானும் சிரித்துவிட்டு அழித்தேன். நம் பிள்ளைகள் பிறந்த வீடு. நமக்கென்று எதுவும் இல்லை, பாக்கியம்.

வீட்டைக் காலி பண்ணும்போது லாரியில் சாமான்களோடு பின்னால் ஏறாதே, முன்னால் உட்கார். லகாட் டவுனில் வாடகைக்கு வீடு ஏதாவது கிடைத்ததா? அடுத்த வாரமும் எழுதுவேன். எந்த முகவரிக்கு என்று மட்டும் சொல்.

அங்கமுத்து