இடப்பக்கம் சாயும் ஜடை

மார்ச் 4, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நேற்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "இது என் பின்னல் இல்லை" என்று நான் சொல்லவில்லை.

நூலக மாடியில் போர்வையை விரித்தீர்கள். எட்டுப் பேர் பின்னிய எட்டுப் பட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்து அப்போதுதான் பார்க்கிறோம். எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் மூன்றாவது பட்டையைத் தடவி, "நம்ம நத்தை எவ்வளவு நேர்த்தியா பின்னியிருக்கா பாருங்க" என்றீர்கள். "நத்தை மெதுவா வந்தாலும் கோடு போட்டுட்டுத்தான் போகும்" என்றார் தபால்கார அண்ணன். நானும் சேர்ந்து சிரித்தேன். கடுகு நிறம் என்னுடையது, நூலும் என்னுடையது. ஆனால் நடுவில் கயிறு முறுக்கினாற்போல ஓடும் ஜடை வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

நான் இடக்கையால் பின்னுகிறவள். என் ஜடை இடப்பக்கம்தான் சாயும். இது உங்களைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? நாம் இருவரும் ஒரே வீடியோவைப் பார்த்துப் பின்னல் கற்றுக்கொண்ட நாட்களில், அதில் வருகிற அம்மாளின் வலக்கை எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நீங்கள்தான் உங்கள் பல் கிளினிக்கிலிருந்து கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து திரைக்கு எதிரே பிடித்தீர்கள். "வாய்க்குள்ள பாதி வேலைய நான் கண்ணாடியப் பாத்துத்தான் பண்றேன். நீயும் பாரு" என்றீர்கள். கண்ணாடிக்குள் அந்த அம்மாளும் இடக்கைக்காரி ஆகிவிட்டார். அன்றைக்கே எனக்கு ஜடை வந்துவிட்டது. அந்தக் கண்ணாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஜனவரியில் பட்டையைப் பையில் வைத்து உங்களுக்கு அனுப்பினேன். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தது நீங்கள். என் பட்டையைப் பிரித்துவிட்டீர்களா அக்கா?

நூல் பை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது கூடவே ஒரு கடிதமும் போக வேண்டும் என்பது நம் சனிக்கிழமைப் பின்னல் கூட்டத்து வழக்கம். பை இல்லாமல் கடிதம் மட்டும் போவது இதுதான் முதல் தடவை. அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
நத்தை


மார்ச் 7, புதன்

நத்தைக் குட்டி,

உன்ன மாதிரி புத்தகத் தமிழ் எனக்கு வராது. பேசுற மாதிரியே எழுதிடறேன்.

ஆமாடி, நான்தான் பிரிச்சேன். எட்டையும் தரையில விரிச்சுப் பாத்தா ஏழு ஒரு பக்கம் சாயுது, ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம். வரிசையில ஒரு பல்லு திரும்பி நின்னாலே எனக்குச் சோறு இறங்காதுன்னு உனக்குத் தெரியும்ல? போன வருஷக் கண்காட்சியில நடுவரம்மா என்ன சொன்னாங்க? கூட்டு வேலைன்னா ஒரே கை பின்னின மாதிரி இருக்கணும்னு சொல்லிட்டுத்தானே நம்மள ஓரங்கட்டினாங்க. இந்த வருஷமும் கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கச் சொல்றியா?

உன் பின்னல் மோசம்னு நான் நினைக்கவே இல்ல. சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல. உன் நூலுதான், உன் பேருதான், கை மட்டும்தான் என்னுது. வீட்டுக்காரரு கூட "யாரோ பின்னினதப் பிரிச்சு அப்படி என்ன சாதிக்கப் போற"ன்னு கேட்டாரு. அவருக்கு என்ன தெரியும், ஒரு பட்டன் தைக்கத் தெரியாது.

பையில போர்வை வருது. சுத்திலும் விளிம்பு பின்றது உன் முறை. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம சீக்கிரம் முடிச்சு அனுப்பு. மார்ச் வந்தும் நம்ம மலையில குளிர் ஜாஸ்தியா இருக்கு, காதை மூடிக்க.

உன் அக்கா


மார்ச் 18, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

காதை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பல்லைப் பிடுங்கும்போதுகூட வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தானே பிடுங்குவீர்கள்? எனக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.

விளிம்பு பின்னி முடித்துவிட்டேன். அதற்கு முன்னால் மூன்றாவது பட்டையைக் கழற்றி, நீங்கள் பின்னியதைப் பிரித்தேன். உங்கள் கண்ணிகள் ஒன்றுபோல ஒன்று இருந்தன. பிரிக்கும்போது கை கூசியது, பொய் சொல்லமாட்டேன். இரண்டு தரம் பிரிபட்ட நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்தது. அலசி, நுனியில் ஒரு குவளையைக் கட்டித் தொங்கவிட்டு, நேராக்கி, என் கையால் மறுபடி பின்னி, அதே இடத்தில் தைத்துவிட்டேன். ஜடை இடப்பக்கம் சாய்கிறது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எது பிழை, எது எழுதியவரின் நடை என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க என் வேலை. நடையைத் திருத்தினால் எழுதியவர் சட்டையைப் பிடிப்பார். பிடிக்க வேண்டும்.

முதல் வகுப்பில் டீச்சர் என் இடக்கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வருடம் முழுக்க அது அங்கேயே இருந்தது. இந்தக் கடிதத்தையும் வலக்கையால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து அழகு என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். அது அந்த டீச்சருடைய கையெழுத்து அக்கா. ஊசி பிடிக்கும் கைதான் என்னுடையது. அதையும் மேஜைக்கு அடியில் வைக்க மாட்டேன்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் பிரியுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூலைச் சுற்றித் தருகிறேன்.

அன்பு குறையாமல்,
நத்தை


மார்ச் 22, வியாழன்

நத்தை,

இவ்வளவு பிடிவாதம் உனக்கு எங்க இருந்து வந்துச்சோ. நான் உன் முதல் வகுப்பு டீச்சர் இல்ல. அத எழுதினது எனக்கு நல்லாவே தைச்சிருச்சு.

சனிக்கிழமைக்குக் காத்திருக்காம நேத்தே எல்லாரும் கூடிப் பேசிட்டோம். போர்வை எட்டுப் பேரோடது, ஒருத்தரோட வீம்புக்காக ஏழு பேரு தோக்க முடியாது. அண்ணன் மட்டும் "இருந்துட்டுப் போகட்டுமே"ன்னாரு. உன் பட்டையக் கழட்டிட்டேன், பிரிக்கல. இதோட அனுப்பியிருக்கேன். அந்த இடத்துல நான் ஒண்ணு பின்னி வைக்கிறேன். நீ வலப்பக்கமா பின்னித் தர்றேன்னா இப்பவும் இடம் இருக்கு. ஊசிய மாத்திப் பிடிக்க வேணாம், முறுக்குற கண்ணிகள முன்னால நிறுத்துறதப் பின்னால நிறுத்தினாப் போதும், ஜடை திரும்பிரும். நீ நினைச்சா முடியும்.

அக்கா


ஏப்ரல் 1, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

முடியும்தான். முடியும் என்பதால்தான் செய்யவில்லை.

நேற்று கண்காட்சிக்கு வந்தேன். நீங்கள் பார்த்தீர்கள், பார்க்காததுபோல் இருந்தீர்கள். என் பட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஜடை முன்பக்கம் தெரியும்படி கூடம் முழுக்க நடந்தேன். கூட்டம் என்றாலே சுவரோரம் ஒதுங்குகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். காது வரை சூடாகிவிட்டது. "என்ன நத்தை, முதுகுல இருக்க வேண்டிய ஓட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்ட?" என்றார் அண்ணன். "முதுகுல இருந்தா யாரு பாப்பாங்க அண்ணா?" என்றேன்.

போர்வைக்கு முதல் பரிசு. நடுவரம்மாவைப் பற்றி நீங்கள் கணித்தது சரி. நீங்கள் மேடை ஏறியபோது நான் கை தட்டினேன். மனதாரத்தான் தட்டினேன். நீங்கள் ஒருமுறை என் பக்கம் பார்த்தீர்கள், என் கழுத்தைப் பார்த்ததும் மறுபக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு என் ஜடையைத் தொட்டுப் பார்த்தாள். "இது என்னங்க, அங்க இருக்கிற போர்வைக்கு எதிர்ப்பக்கமா ஓடுது?" என்றாள். "நான் இடக்கை" என்றேன். அவள் கெட்டிலை மறுபடி எடுத்தாள். இடக்கையால்.

சனிக்கிழமை வழக்கம்போல நூலகத்துக்கு வருவேன். இனிமேல் நான் வரவேண்டாம் என்றால் என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

உங்கள்
நத்தை


ஏப்ரல் 22, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

மூன்று சனிக்கிழமைகளாக வந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒருமுறை கத்தரிக்கோல் கேட்டீர்கள், கொடுத்தேன். புதுப் போர்வைக்கான பை சுற்ற ஆரம்பித்துவிட்டது என்றும் என் வீட்டைத் தாண்டிப் போகிறது என்றும் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். அவரைத் திட்டாதீர்கள், நான்தான் கேட்டேன்.

ஜன்னலோர மேஜைக்கு மாறிவிட்டேன். தேநீர்க்காரப் பெண் போன வாரம் முதல் வருகிறாள். அவளும் நானும் ஒரு போர்வை தொடங்கியிருக்கிறோம். கடுகு நிறப் பட்டைதான் முதல் பட்டை. அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் கையைப் பார்த்துப் பின்னுகிறாள்.

உங்கள் கைக்கண்ணாடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

நத்தை