படகுத்துறைக் கம்பம்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிப்பது மரியாதை; உங்கள் முழங்காலைத் தனியாக விசாரிப்பது என் பெருந்தன்மை.

கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிறு நாம் நடக்க முடியாது. மலைச் சாலையில் மண் சரிந்து, மதகு நிறுத்தம் வரை போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கண்டக்டரே சொன்னார். எப்போது விடுவார்கள் என்று அவருக்கும் தெரியாதாம். அவர் விசில் ஊதினால் மலை நகருமா என்ன?

எனக்கும் கடுப்புதான். ஏரியைச் சுற்றிக் கடைசித் துண்டு மட்டும் பாக்கி இருக்கும்போதா இப்படி? காரில் போனால் ஒரே காலையில் சுற்றி வந்துவிடலாம். நாமோ பஸ்ஸில் போய், கொஞ்சம் நடந்து, பஸ்ஸில் திரும்பி, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, இரண்டு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். ஒரு நத்தை நம்மோடு கிளம்பியிருந்தால் இதற்குள் பேரன் பேத்தி எடுத்திருக்கும். சட்டம் போட்டது நீங்கள்தானே. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பஸ் நிறுத்தக் கம்பத்தை இரண்டு பேரும் சேர்ந்து தொட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. மதகிலிருந்து மேடேறி, முதல் நாள் கிளம்பிய படகுத்துறைக் கம்பத்தைத் தொட்டுவிட்டால் வட்டம் முடிந்தது. பொறுத்ததுதான் பொறுத்தோம், இன்னும் கொஞ்சம்.

பள்ளிச் செய்தி: நீங்கள் கொடுத்த 'லிஃப்ட் பழுது' பலகையை எங்கள் மாடிப்படியில் மாட்டினேன். பள்ளியில் லிஃப்டே கிடையாது. ஆனாலும் தலைமையாசிரியை பியூனைக் கூப்பிட்டு, எப்போது சரியாகும் என்று கேட்டாராம். லிஃப்ட் மெக்கானிக் மகள் லிஃப்ட் இல்லாமலே உயர்ந்துகொண்டிருக்கிறாள் என்று பெருமைப்படுங்கள்.

போன் செய்யாதீர்கள். நடுவில் அம்மா வாங்குவாள், நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அவள் ஒன்பது சொல்வாள், நான் போன் வயர் மாதிரி நடுவில் தொங்குவேன். கடிதம்தான் நமக்கு லாயக்கு.

இப்படிக்கு,
உங்கள் வாலு


மார்ச் 9

என் வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

பஸ் இல்லையென்றால் என்ன செய்ய முடியும்? ஞாயிறு லீவு சொல்லி வைத்திருந்தேன். அதை வீணாக்குவானேன் என்று ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு வடம் மாற்றப் போனேன். சனிக்கிழமையே இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக்கு வாங்கிப் போட்டிருந்தேன். மதியமும் ராத்திரியும் அதையே சாப்பிட்டேன். உன் பங்கில் நீ மிளகாயைப் பொறுக்கி எனக்குத் தள்ளுவாயே, இந்தத் தடவை தள்ள ஆளில்லை. உனக்கு ஒரு மழைக்கோட்டு எடுத்தேன். மஞ்சள் நிறம். மூடுபனியில் நீ ஒளிந்துகொண்டு என்னைக் கத்த விடுவாயே, இனிமேல் அது நடக்காது.

பலகை மாட்டியது தப்பு. எத்தனை நாள் தொங்கியது என்று எழுது.

பல் டாக்டர் எப்படி இருக்கிறார்? தனக்கும் அவருக்கும் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள் என்று உன் அம்மா சொன்னாள். அவளுக்கு நல்லது நடக்கட்டும், மனசாரத்தான் சொல்கிறேன். அவரைப் படுத்தாதே. அவருக்கு உன்னைப் பற்றி இன்னும் முழுசாகத் தெரிந்திருக்காது, பாவம்.

சாலை சரியானதும் எழுது. மலை எங்கே போய்விடப் போகிறது?

அன்புடன்,
அப்பா


மார்ச் 16

அப்பா,

பலகை மூன்று நாள் தொங்கியது. இந்தக் கடிதத்தில் நீங்கள் சிரிக்கக்கூடியது இதோடு சரி.

மண் சரியவில்லை. பஸ் ஓடியது. நானே அதில் போனேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் பல் டாக்டரும் ஒரு நாள் சேர்ந்து எங்காவது போய் வர வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். அவருக்கு அந்த ஞாயிறுதான் கிளினிக் லீவு. "எனக்காக ஒரே ஒரு நாள்" என்றாள். அம்மா கெஞ்சி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் போயிட்டு வா என்றிருப்பீர்கள். அப்படிச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதனால் மலையைச் சரித்துவிட்டேன்.

எங்கே போகலாம் என்று என்னைத்தான் கேட்டார். நான் ஒரு திட்டம் போட்டேன். கார் வேண்டாம், பஸ்தான் என்றேன். ஏரியைச் சுற்றி இருப்பதிலேயே செங்குத்தான இடம் நம் கடைசித் துண்டு என்று ஊரே சொல்லும். பல்லைப் பிடுங்குகிறவர் பாதி மேட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அப்படியே இறங்கி ஓடுவார் என்று கணக்குப் போட்டேன். அது நம்முடைய துண்டு என்பது எனக்கு அப்போது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

அவர் ஓடவில்லை. பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் கடைசி வரை நின்றுகொண்டே வந்தார். கிளினிக்குக்குப் போடுகிற வழவழப்பான ஷூவோடு இரண்டு முறை விழுந்தார், எழுந்தார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சரளைச் சறுக்கல் இருக்கிறது. அங்கே எனக்குப் பின்னால் வந்தார். நான் விழுந்தா உங்க மேலதான் விழுவேன்னு சொன்னேன். "அதுக்குத்தாம்மா பின்னாடி வர்றேன்" என்றார்.

உச்சியில் ஏரி முழுசாகத் தெரிந்தது. நாம் நடந்த கரை எல்லாம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் அப்பா. உங்கள் நினைவே வரவில்லை.

இறங்கிப் படகுத்துறைக்கு வந்ததும் என் கை தானாகப் போய்க் கம்பத்தைத் தொட்டுவிட்டது. என்ன இது என்று கேட்டார். "சும்மா" என்றேன்.

பஸ் பொய்யைவிட அந்தச் 'சும்மா'தான் என்னைத் தூங்க விடவில்லை. நீங்கள் அங்கே ஒரே சாப்பாட்டை இரண்டு வேளை சாப்பிட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் இதுவும் பொய்யாகிவிடும்.

வாலு


ஏப்ரல் 2

அப்பா,

பதில் இல்லை. தபால்காரர் என்னைத் தெருமுனையில் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கே வாய் வலிக்கிறதாம்.

திட்டியாவது எழுதுங்கள். இரண்டு பக்கம் திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். ஒரு பக்கம் போதுமென்றால் அடுத்த பக்கத்தில் நானே என்னைத் திட்டி நிரப்பி அனுப்புகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்.

இதுகூட விளையாட்டாகத்தான் வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகள்


ஏப்ரல் 10

என் வாலுக்கு,

உன் ஏப்ரல் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்னால் எதையோ எழுதி அனுப்பியிருப்பாய் போலிருக்கிறது. அது வந்து சேரவில்லை. நான் வேலைக்குப் போனபின் தபால் வந்தால் கீழே டயர் கடைக்காரர்தான் வாங்கி வைப்பார். எந்த டயருக்குள் போட்டாரோ. தேடட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். பள்ளிக்கூடத்துக் கலாட்டாவாகத்தான் இருக்கும், நேரில் சொல்வாள் என்றேன். பதில் எழுதாததற்கு வேலைதான் காரணம். புதுக் கட்டிடம் ஒன்றில் ஆறு மாடிக்கு லிஃப்ட் ஏற்றுகிறோம்.

சாலையை இதற்குள் சரி செய்திருப்பார்கள். வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வா. முதல் பஸ்ஸில் வந்து மதகு நிறுத்தத்தில் நிற்கிறேன். நாம் இரண்டு பேரும் பார்க்காத துண்டு, அவசரமில்லாமல் நடக்கலாம். நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள். அந்தச் சரளைச் சறுக்கலில் நான் உனக்குப் பின்னால் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 14

அன்புள்ள அப்பா,

சரளைச் சறுக்கல் இருக்கிறதென்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தப் பக்கம் நீங்கள் கால் வைத்ததே இல்லை. நான் அதைப் பற்றி எழுதியது ஒரே ஒரு கடிதத்தில்தான். டயருக்குள் போனதாமே, அதில்.

பொய் சொல்வதில் நீங்கள் சுத்தக் கத்துக்குட்டி. என்னிடம் பயிற்சிக்கு வரலாம் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் நான் கடையை மூடிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அப்பாடா என்றிருந்தது. கடிதம் போகவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. உச்சியில் நின்று, ஐயோ எவ்வளவு பெரிய ஏரி என்று நான் வாயைப் பிளக்க வேண்டியது, நீங்கள் நம்பியதாகக் காட்டிக்கொள்ள வேண்டியது. நான் நன்றாகவே நடிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் முடியாது அப்பா. நீங்கள் பதில் எழுதாமல் இருந்த அத்தனை நாளும் அந்தக் கடிதம் உங்கள் அறையில்தான் இருந்திருக்கிறது. அதை இல்லை என்று நானும் சேர்ந்து சொல்ல மாட்டேன்.

கம்பத்தைப் பற்றி வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர்தான் பேசினார். "முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேற எங்கயாவது வந்திருப்பேனேம்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

ஞாயிறு வருகிறேன். ஏற்கனவே ஒரு தடவை நடந்தவளாகவே வருகிறேன். நான் அங்கே போனதைப் பற்றி நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மதகு நிறுத்தத்திலேயே கேட்டுவிடுங்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் காது கொடுத்தாலும் பரவாயில்லை.

உச்சிக்கு முதலில் நீங்கள் ஏறுங்கள். நான் கொஞ்சம் கீழேயே நின்றுகொள்கிறேன். ஏரியை நான் பார்த்தாயிற்று. அதைப் பார்க்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்பதைத்தான் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் மகள்